புவியைச் சுற்றியபடியே சூரியனை நோக்கும் கண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரிய ஆய்வு என்றதும் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆதித்யா எல்-1 கலத்தையே பலரும் நினைக்கிறோம். அது நியாயமான பெருமிதம்தான். ஆனால், புவியைச் சுற்றியபடியே சூரியனைக் கவனிக்கும் செயற்கைக்கோள்களைப் பற்றியும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும்.

சூரியனின் ஊடுகதிர்களையும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும் வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால், அவற்றைக் காண விண்வெளிக்கே செல்ல வேண்டியுள்ளது. 2006-இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹினோடே, பகலும் இரவும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய பாதையில் சுற்றுவதால், ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் அதன் பார்வையிலிருந்து மறைவதேயில்லை. 2010-இல் நாசா அனுப்பிய சூரிய இயக்கவியல் ஆய்வகமோ, நாள்தோறும் ஏறத்தாழ 1.5 டெராபைட் தரவை இடைவிடாது அனுப்புவதற்காகவே, தன் தரைநிலையத்தின் பார்வை எல்லையை விட்டு அகலாதவாறு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக, ஆண்டில் இருமுறை, சில வாரங்களுக்கு, புவியின் நிழல் தினமும் குறுக்கிடுவதை அது ஏற்க வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பரில் நம் பி.எஸ்.எல்.வி. சுமந்துசென்ற ஐரோப்பாவின் புரோபா-3 என்னை வியக்கவைக்கிறது. சுமார் 150 மீட்டர் இடைவெளியில் அணிவகுக்கும் இரு கலங்களில் ஒன்று சூரிய வட்டை மறைக்க, மற்றொன்று சூரியனைச் சூழ்ந்த கொரோனா எனும் ஒளிவளையத்தைப் படமெடுக்கிறது. முழுச் சூரிய கிரகணத்தில் சில நிமிடங்களே கிடைக்கும் காட்சி, இதனால் மணிக்கணக்கில் கிடைக்கிறது. இத்தகைய செய்திகளை மாணவர்கள் தமிழிலேயே படிக்கத் தாங்கள் வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்