வன்னி மணிக்கூட்டுக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி என்று வன்னி முழுக்க மணிக்கூட்டுக் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். பெண்கள் கட்டும் இரண்டு நிறச் செயின் மணிக்கூடு இருக்கிறதல்லவா? ஓரக்கண்ணிகள் வெள்ளையாகவும் நடுக்கண்ணி பவுண் நிறமாகவும், கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் அடுக்கி வைத்திருப்பீர்களே, அதைப் பற்றித்தான். அதை விற்கும்போது அது என்ன உலோகம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள்.

எங்கள் பெண்கள் இதை ஏன் விரும்பி வாங்குகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். காப்பு அடகில் இருக்கும். பவுண் விற்கும் விலையில் இன்னொன்று செய்விக்க ஏலாது. இந்த மணிக்கூடு என்றால் பள்ளிக்கூடத்துக்கும் கட்டலாம், சாமத்தியவீட்டுக்கும் கட்டலாம். தோடு மஞ்சளாக இருந்தாலும் வளையல் வெள்ளியாக இருந்தாலும் பொருந்தும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை முதற்சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான்.

விலை கேட்டால் மணிக்கூட்டைத் திருப்பிப் பின்மூடியைக் காட்டுவீர்கள். "ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் எண்டு அடிச்சிருக்குப் பாருங்கோ அக்கா." அடித்திருப்பது உண்மைதான். ஆனால் பல மலிவு மணிக்கூடுகளில் அதற்குப் பக்கத்திலேயே 'பேக்' என்றும் பொடி எழுத்தில் இருக்கும். அதாவது பின்மூடி மட்டும்தான் ஸ்ரீல். உடல் பித்தளையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும், மேலே முலாம். சிலர் காந்தத்தை எடுத்துவந்து வைத்து, "ஒட்டேல்லை, நல்ல ஸ்ரீல்" என்பார்கள். பித்தளையிலும்தான் காந்தம் ஒட்டாது!

எனக்கு 'முழு ஸ்ரீல்' என்று சொல்லித் தந்த மணிக்கூட்டில், பூட்டின் விளிம்பில் மேசை உரசும் இடத்தில் பவுண் நிறம் முதலில் போனது. பிறகு பின்மூடியைச் சுற்றிப் பச்சை படிந்தது. பங்குனி, சித்திரையில் வியர்வை நிற்காத ஊர் இது. மெல்லிய முலாம் எவ்வளவு காலம் தாங்கும்? அழகு போவதோடு முடிந்தாலும் பரவாயில்லை. முலாமுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் படை இருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து கடிக்கும். தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள் ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளிவிடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே இருக்கிறது.

நல்ல மணிக்கூடுகளுக்குப் போடும் 316எல் ஸ்ரீலிலும் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. ஆனால் அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டிவிடும். அதனால் நிக்கல் மிகக் குறைவாகவே வெளியே வரும், கறளும் லேசில் பிடிக்காது. அதன்மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பிவிடி பூச்சு என்றால் பவுண் நிறம் சாதாரண முலாமைவிட எவ்வளவோ காலம் நிற்கும். சுவிஸ் ரோலெக்ஸ் கொம்பனி 1933இல் 'ரோலசர்' என்று பெயர் பதிந்து ஸ்ரீலையும் தங்கத்தையும் சேர்த்தபோது மஞ்சள் பகுதி தங்கமாகவே இருந்தது. அதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. முலாம் என்றால் முலாம் என்று எழுதுங்கள், விலையைப் பார்த்து எடுப்போம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் நிலத்தில் விரித்து விற்பவரிடம் நாங்கள் சண்டைக்குப் போவதில்லையே. அவர் ஸ்ரீல் விலை வாங்குவதில்லை.

அப்புறம், கண்ணிகள். கைக்கு அளவாக்கும்போது கழற்றும் இரண்டு மூன்று கண்ணிகளை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறீர்கள். அவை நாங்கள் காசு கொடுத்தவை. பிள்ளை பெற்றபின் கை பருத்தாலோ, ஒரு ஊசி தெறித்தாலோ அதே கண்ணிக்கு எங்கே போவது? ஒரு சின்னப் பையில் போட்டுக் கையில் தாருங்கள்.

பற்றரி மாற்றும் தம்பிமாருக்கும் ஒரு சொல். பின்மூடியைக் கத்தியால் நெம்பும்போது தலைமயிர் தடிப்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் கழன்று வரும். அதைத் திரும்ப வைக்காவிட்டால் முகப்பில் 30 மீற்றர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தும் பயனில்லை, கை கழுவும் தண்ணீரே உள்ளே போய்விடும். அந்த 30 மீற்றரும் ஆய்வுகூட அழுத்தக் கணக்குத்தான், கிணற்றடியில் கட்டிக்கொண்டு குளிக்கலாம் என்று சொல்லி விற்காதீர்கள்.

வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. நாளைக்கும் உங்கள் கடைக்குத்தான் வரப்போகிறோம். இப்போது 'லேடீஸ் வோச் 1' என்று எழுதித் தருகிறீர்கள். அதே வரியில் 'உடல் பித்தளை, முலாம்' என்றோ 'முழு ஸ்ரீல், பிவிடி' என்றோ சேர்த்தால் சரி. உங்களுக்கே தெரியாவிட்டால், அடுத்த முறை கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது மொத்த வியாபாரியிடம் நீங்களும் இதையே எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
விசுவமடு