செல்விக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்று மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

நீ படிக்கச் சேர்ந்த புதிதில் பார்க்கச் சொன்னாயே, ‘எஜுகேட்டிங் ரீட்டா’ என்ற ஆங்கிலப் படம், அதை இப்போதுதான் பார்த்தேன். முடிதிருத்தும் வேலை செய்யும் 26 வயதுப் பெண், நீ படிக்கும் அதே பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்க வருகிறாள். கதையை எழுதிய வில்லி ரஸ்ஸலும் 15 வயதில் பள்ளியை விட்டு, முடிதிருத்திப் பிழைத்து, பிறகு படிக்கத் திரும்பியவராம். பேராசிரியர் அறைக் கதவு திறக்காமல் அவள் வெளியே நின்று மல்லுக்கட்டும் இடத்தை, அப்படி நின்று பார்த்தவரால்தான் எழுத முடியும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. லிவர்பூல் கதை என்கிறார்கள், எடுத்தது அயர்லாந்தின் டப்ளினில். அதுகூடப் போகட்டும். முக்கியப் பாத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பின மக்களும் சீனர்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் துறைமுக ஊர் லிவர்பூல். படம் வந்தது 1983இல். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அந்த ஊரின் டாக்ஸ்டெத் பகுதியில் அவ்வளவு பெரிய கலவரம் நடந்தது. உழைப்பவர் என்றால் வெள்ளைத்தோல்தான் இருக்க வேண்டுமா? வேலை முடிந்து, சமைத்து வைத்துவிட்டு, இரவில் பாடம் எழுதும் உன்னைப் போன்ற பெண்ணை அவர்கள் கண்ணில் காணவே இல்லை.

ஆனால் வீட்டுக்குள் நடப்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அவள் குழந்தையைத் தள்ளிப்போடுகிறாள் என்று தெரிந்ததும் புருஷன் அவளுடைய புத்தகங்களையும் எழுதிவைத்த தாள்களையும் நெருப்பில் போடுகிறான். அவனைக் கொடியவனாகவும் காட்டவில்லை. பழைய மனைவி திரும்பி வரட்டும் என்று மட்டும்தான் கேட்கிறான். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளை தங்கமானவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சென்ற வாரம் வீடியோவில் பேசியபோது உன் பின்னால் அலமாரி தெரிந்தது. நீல அட்டைப் புத்தகங்கள் இருந்த தட்டில் குக்கர் பெட்டியும் அரிசி டப்பாவும் இருந்தன. இடம் போதவில்லை போலும். நானாகக் கேட்கவில்லை. நீயும் பரீட்சை பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. முன்பு என்ன மதிப்பெண் வாங்கினாலும் உடனே அனுப்புவாய்.

படிப்பை விட்டுவிடாதே. நம் தெருவிலிருந்து பட்டம் வாங்கிக் கடல் தாண்டிய முதல் பெண் நீ. போஸ்ட்மேன்கூட இன்றும் விசாரிக்கிறார். அப்படிப்பட்டவளுக்கு அப்பாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையா? சரி, வேலை இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். படிப்பை விட்டுவிடாதே.

சரசு அத்தை தையல் மெஷினை விற்ற அன்று நீயும் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாய். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் ரீட்டாவின் அம்மாவுக்கு அதிகம் வசனம் இல்லை. மதுக்கடையில் குடும்பமே சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது அவள் அழுகிறாள். இதைவிட நல்ல பாட்டுகள் இருக்க வேண்டுமே என்கிறாள். அதைக் கேட்டுத்தான் மகள் படிப்புக்குத் திரும்புகிறாள். பெற்றவர்களைப் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போகாமல், அந்த ஏக்கத்தைப் பெற்றவளிடமே கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. உன் அம்மாவும் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

1969இல் அந்தப் பல்கலைக்கழகம் வரப் பாடுபட்ட அமைச்சர் ஜென்னி லீ, சுரங்கத் தொழிலாளியின் மகள். சேர்வதற்கு முன்படிப்பு எதுவும் கேட்கக் கூடாது என்று வைத்தது உன்னையும் என்னையும் போன்றவர்களுக்காகத்தான். அந்த இடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

இந்தப் பருவத்துக்கான கட்டணம் பாக்கி இருந்தால் சொல். நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. உன் கணக்குக்கே அனுப்புகிறேன், கூட்டுக் கணக்கு வேண்டாம். புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கூப்பிடு. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா