சாகோஸ் யாருக்குச் சொந்தம்?

திருநெல்வேலி,
ஜூன் 2025

அன்புள்ள சங்கரனுக்கு,

இங்கு அனைவரும் நலம். கமலாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சரோஜாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

நெடுநாள் பேசாமல் இருந்தவனை எழுத உட்கார வைத்தது உன் கடிதத்தின் ஒரு வரிதான். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகள் குறித்து மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றி, 'ஆப்பிரிக்காவின் கடைசி பிரிட்டிஷ் காலனியும் விடுபட்டது, வழக்கு முடிந்தது' என்று மகிழ்ந்து எழுதியிருந்தாய். காலமெல்லாம் சிவில் வழக்கு நடத்தியவன் நீ. அவசியமான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எத்தனை சமரசத் தீர்ப்புகளை ரத்து செய்ய வைத்திருக்கிறாய்! அப்படிப்பட்ட நீ, அந்த மண்ணில் பிறந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டை எப்படி முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய்?

மொரீஷியஸின் வழக்கு வலுவானது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 1814இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி மொரீஷியஸோடு சேர்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தத் தீவுகள் பிரிட்டனுக்கு வந்தன. அதன் பிறகும் மொரீஷியஸின் சார்புப் பகுதியாகவே ஆளப்பட்டன. 1965 செப்டம்பரில் லண்டனில் பிரதமர் வில்சன், விடுதலை கேட்டுச் சென்றிருந்த மொரீஷியஸ் தலைவர் ராம்கூலத்தைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். விடுதலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம் மேசையில் இருக்கும்போது பெறப்பட்ட சம்மதத்தைக் காட்டி, அந்த நவம்பரில் தீவுகளைப் பிரித்தெடுத்துத் தனிக் காலனி ஆக்கினார்கள். மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். காலனிகளின் நிலப்பரப்பைத் துண்டாடக் கூடாது என்று ஐ.நா. பொதுச் சபை 1960லேயே தீர்மானம் போட்டிருந்தது. சம்மதித்தார்கள், பணமும் பெற்றார்கள், பாதுகாப்புக்குத் தேவைப்படாதபோது திருப்பித் தருவோம் என்று வாக்கும் கொடுத்தோம் என்பது பிரிட்டனின் பதில். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சம்மதம் மக்களின் சுதந்திரமான விருப்பம் அன்று, காலனி நீக்கம் சட்டப்படி நிறைவேறவில்லை என்று 13க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. அது ஆலோசனைக் கருத்துதான் என்று பிரிட்டன் சொல்லிப் பார்த்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் பொதுச் சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன. எதிராக வாக்களித்தவை ஆறுதான்.

இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான கணக்கு. தீவில் வாழ்ந்தவர்களின் கணக்கு வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவர்களும், அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் தென்னந்தோப்புகளில் உழைத்து, தமக்கென ஒரு கிரியோல் மொழி பேசி, தலைமுறைகளாக அங்கேயே பிறந்து இறந்த மக்கள் அவர்கள். 1975இல் லண்டனில் முதல் வழக்கைத் தொடுத்தவரின் பெயர் மிஷேல் வெங்கடாசன். அந்தப் பெயரைப் பார்த்தபோது சிறிது நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

அமெரிக்க ராணுவத் தளத்துக்காக, சாகோஸின் மிகப் பெரிய தீவான டியாகோ கார்சியாவைக் காலி செய்ய வேண்டியிருந்தபோது, அங்கே நிரந்தரக் குடிகள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஐ.நா. சாசனத்தின்படி அவர்களுடைய உரிமைகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை பிரிட்டிஷ் அதிகாரிகள் தெளிவாக அறிந்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். பிறகு வெளிவந்த அவர்களுடைய சொந்தக் கோப்புகளே இதைச் சொல்கின்றன. உலகில் எத்தனையோ தாயகத் தகராறுகளில் யார் முதலில் வந்தார்கள் என்று இரு தரப்பும் சான்று தேடுகிறார்கள். இங்கே இருந்தவர்களை இல்லாதவர்களாக்கச் சான்று தயாரித்தார்கள்.

அதன் பின் நடந்ததைச் செய்தித்தாள் நான்கு வரியில் முடித்துவிட்டது. மருத்துவத்துக்காக மொரீஷியஸ் சென்றவர்களுக்கு 1960களின் இறுதியிலேயே திரும்பக் கப்பல் மறுக்கப்பட்டது. 1971இல் டியாகோ கார்சியாவில் மக்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1973க்குள் சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு சாகோஸின் இன்னொரு பகுதியான பெரோஸ் பான்யோஸிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட லிஸ்பி எலிசே என்ற பெண்ணின் சாட்சியம், 2018இல் ஹேக்கில் உள்ள அதே சர்வதேச நீதிமன்றத்தில் காணொளியாகக் காட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர். முதலில் உணவு கொண்டுவரும் கப்பல் நின்றது, மருந்து தீர்ந்தது, பிறகு ஒருநாள் எல்லோரும் போக வேண்டும் என்றார்கள். தங்கள் தீவைத் தாங்களே பார்க்க முடியாதபடி இருட்டில் ஏற்றினார்கள். நான்கு நாள் பயணம். அப்போது அவர் கருவுற்றிருந்தார். மொரீஷியஸில் பிறந்த குழந்தை இறந்துவிட்டது. நீதிபதிகளுக்கு முன்னால் அவர் கேட்டதெல்லாம் பிறந்த மண்ணுக்குத் திரும்பும் உரிமை ஒன்றைத்தான்.

மொரீஷியஸும் அவர்களைத் தாங்கிப் பிடிக்கவில்லை. 1972இல் பிரிட்டன் தந்த ஆறரை லட்சம் பவுண்டு, பல ஆண்டுகள் கழித்து விலைவாசி ஏறிய பிறகே மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் குடிசைகளில் கிடந்தவர்கள் கைக்கு வந்தது. 1982இல் கூடுதலாக வந்த 40 லட்சம் பவுண்டைப் பெறுவதற்கு, திரும்பும் உரிமையைக் கைவிடும் ஆங்கிலப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். எழுத்தறியாதவரின் கைநாட்டை நீ நீதிமன்றத்தில் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது உன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாக பிரிட்டனுக்கு, ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துக் கோடியே பத்து லட்சம் பவுண்டு. சாகோஸ் மக்களுக்கு நான்கு கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி. மற்ற தீவுகளில் குடியேற்றத்தை மொரீஷியஸ் செய்யலாம். பலர் பிறந்த டியாகோ கார்சியாவில் முடியாது. கையெழுத்தான அன்று அதிகாலையில்கூட, அங்கே பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். அன்றே தடை நீக்கப்பட்டது, அன்றே கையெழுத்தும் ஆனது.

சாகோஸ் மக்களே ஒருமனதாக இல்லையே என்பாய். உண்மை. இத்தனை ஆண்டு வழக்காடிய ஒலிவியே பான்கூ ஒப்பந்தத்தை ஆதரிக்கிறார்; பிரிட்டனில் கிராலியில் வாழும் பலர் எதிர்க்கிறார்கள். கருத்து வேறுபட்டால் வாக்கெடுப்பு நடத்த வேண்டியதுதானே? அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சில ஆயிரம் பேர்தான். எங்கே பிறந்தார்கள், யார் பெற்றார்கள் என்பது பதிவேடுகளில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எதிர்க்கும் பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் திடீரென்று இவர்களுக்காகப் பேசுவதையும் நான் நம்பவில்லை. அவர்கள் கவலை ராணுவத் தளத்தைப் பற்றியது.

இன்னொன்று. கனடாவுக்குப் புறப்பட்டுப் படகு பழுதாகி 2021 அக்டோபரில் அதே தீவில் கரை சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் அந்தத் தீவுகளுக்கான பிரிட்டிஷ் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வெளியேற விரும்பியவர்களை அடைத்துவைக்கவும், திரும்ப விரும்பியவர்களைத் தடுக்கவும் ஒரே அதிகாரம் பயன்பட்டிருக்கிறது.

திரும்பும் உரிமை கேட்ட வழக்கில், 2008இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று சாகோஸ் மக்கள் தோற்றார்களே, அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் பிங்கம், மான்ஸ் இருவரின் மாறுபட்ட கருத்தை மட்டும் எடுத்துப் படி. ஒரு மக்களை அவர்கள் தாயகத்திலிருந்து நாடுகடத்தும் அதிகாரம் அரச சிறப்புரிமையில், அதாவது நாடாளுமன்றச் சட்டமின்றி முடியாட்சியின் பெயரால் அரசு பயன்படுத்தும் அதிகாரத்தில், இருந்ததில்லை என்று பிங்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, இறையாண்மை கைமாறினால் பிறந்த மண்ணுக்குத் திரும்பும் உரிமை அழிந்துவிடுமா, அல்லது மொரீஷியஸுக்கு எதிராகவே அவர்கள் அதைக் கேட்க முடியுமா என்று எனக்கு விரிவாக எழுது. சரோஜாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்