நம் வத்தை (பாய்மரப் படகு) விற்பனைக்கு: ஜூன் 8 பார்க்க வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தொண்டிக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் சங்கத்து வத்தையை விற்றுவிடலாம் என்று கூட்டத்தில் முடிவானது. 18 அடி, ஐனி மரப் பலகை, ஒற்றைப் பாய். இன்னொரு மழைக்காலம் இப்படியே கிடந்தால் மரம் வீணாகிவிடும், மனசு கேட்கவில்லை.

1. குறையை ஒளிக்காமல் சொல்கிறோம்: அணியத்துப் பக்கம் (முன்புறம்) இரண்டு பலகை உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும். முழுக்கக் கலப்பத்து (பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை) பார்க்க வேண்டும். பாய் கிழிசல். ஏரா (அடிமரம்), பாய்மரம், சுக்கான் உறுதியாக இருக்கின்றன.
2. விலை 30,000 ரூபாய். உறுப்பினர்களுக்கே முதல் உரிமை.
3. பார்க்கும் நாள்: ஜூன் 8, ஞாயிறு காலை 7 மணி. நிமிர்த்திக் காட்ட எட்டுப் பேராவது வேண்டும், தம்பிமார் வந்துவிடுங்கள்.
4. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 முடியும்வரை தச்சர்கள் விசைப்படகு வேலையில் இருப்பார்கள். வாங்குபவர் பழுது பார்க்க அவர்களிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.
5. அப்புறம், துடுப்பும் நங்கூரக் கயிறும் எடுத்துப்போனவர்கள் சனிக்கிழமைக்குள் கரையில் சேர்த்துவிடுங்கள்.

வாங்க விரும்புகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். விறகுக்குக் கேட்டால் தருவதில்லை. கடலில் ஓட்டப்போகிறவர் கைக்குத்தான் அது போக வேண்டும்.