வினையின் வாலில் ஓர் 'எஸ்'

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

உன் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை முறை திருத்தினாலும் 'ஹீ கோஸ்' என்பதை 'ஹீ கோ' என்றே எழுதுகிறார்கள், கொஞ்சமும் கவனமில்லை என்று வருந்தியிருந்தாய். வருத்தம் எனக்கும் உண்டு. கவனமில்லை என்பதை மட்டும் நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் 'கோஸ்', 'ரீட்ஸ்', 'வாஷஸ்' எனப் பத்துக்குப் பத்து வாங்குவாள். அன்று மதியமே அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "மை ஃபாதர் கோ டு மார்க்கெட். ஹீ பை வெஜிடபிள்ஸ்" என்றாள். பார், 'வெஜிடபிள்ஸ்' சரியாக வருகிறது! காய் ஒன்றா பலவா என்பதை அந்த 'எஸ்' சொல்கிறது. 'கோஸ்' என்பதன் 'எஸ்' புதிதாக எதையும் சொல்வதில்லை. 'ஃபாதர்' என்றபோதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பேச்சு ஓடும் வேகத்தில் எழுவாயை நினைவில் வைத்திருந்து வினையின் வாலில் ஒட்ட வேண்டும். விதி தெரிந்திருப்பது வேறு, அந்தக் கணத்தில் அது கைக்கு வருவது வேறு.

'அவன் போகிறாள்' என்று தவறியும் சொல்லாத நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் ஏன் உதவவில்லை என்று நானும் குழம்பியிருக்கிறேன். டூலே, பர்ட் என்ற இரு மொழி ஆய்வாளர்கள் 1974இல் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற 60 ஸ்பானிய மொழிக் குழந்தைகளையும் 55 சீன மொழிக் குழந்தைகளையும் பேசவைத்துப் பார்த்தார்கள். ஸ்பானிய வினை நம்முடையதைப் போல எழுவாய்க்கேற்ப மாறும். சீன வினை மாறாது. ஆனாலும் இரு சாராருக்கும் 'கோயிங்' என்பதில் வரும் 'இங்' விகுதி முன்னதாகவே கைவந்தது, இந்த 'எஸ்' கடைசி வரிசையில் நின்றது. தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. தமிழில் இல்லாத 'எ', 'தி' என்ற முன்சொற்கள் இரண்டும் நம் பிள்ளைகளைப் படுத்தும் பாடு உனக்குத் தெரியும்.

இன்னொன்று என்னை மிகவும் உலுக்கிவிட்டது. வகுப்பில் இரண்டு படங்களைக் காட்டி, "தி டாக் வாஸ் சேஸ்டு பை தி கேட்" என்றேன், அதாவது பூனையால் நாய் துரத்தப்பட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் நாய் துரத்தும் படத்தைத் தொட்டார்கள். தேர்வில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றி முழு மதிப்பெண் வாங்கியவர்கள்தாம்! தமிழில் 'நாயைப் பூனை துரத்தியது' என்றாலும் 'பூனை நாயைத் துரத்தியது' என்றாலும் அந்த 'ஐ' நம்மைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் முதலில் வந்த நாயையே துரத்துவதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நாய்தானே பூனையைத் துரத்தும் என்ற உலக அறிவும் சேர்ந்துகொள்கிறது. இத்தனை ஆண்டுகளாக நாம் மாற்றி எழுதக் கற்றுக்கொடுத்தோம், கேட்டுப் புரிகிறதா என்று பார்க்கவே இல்லை.

தீபாவளி விடுமுறையில் வருகிறேன். உன் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளில் நாலைந்தைத் திருத்தாமல் எடுத்து வை, சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
வசந்தா