ஜோ நேமத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற அமெரிக்கக் கால்பந்து நாயகர்களை மறுமதிப்பீடு செய்த விளையாட்டுப் பக்கக் கட்டுரை கண்டேன். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்து வீசுபவர்) ஜோ நேமத் 173 டச்டவுன்களுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) பந்து வீசி, 220 வீச்சுகளை எதிரணியிடம் பறிகொடுத்தார். ஆகவே அவர் மிகையாகப் புகழப்பட்டவர் என்கிறது அது. எண்கள் சரி, முடிவு தவறு. வீசிய பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டுக்கு அப்பால் இடித்து மறிக்கக் கூடாது என்ற விதி 1978-இல்தான் வந்தது. நேமத் 1977 பருவத்தோடு விலகிவிட்டார். கையை நீட்டி, விரல்களை விரித்து எதிராளியைத் தடுக்கும் உரிமையும் அவரைக் காத்து நின்ற சக வீரர்களுக்கு அப்போது இல்லை. அந்த நெருக்கடியிலும் 1967-இல், 14 ஆட்டங்களே கொண்ட பருவத்தில், 4,007 யார்டு வீசினார். ஒரே பருவத்தில் 4,000 யார்டைத் தாண்டிய முதல் தொழில்முறை வீரர் அவரே.

1969 ஜனவரியில் ஜெட்ஸ் அணி பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என வீழ்த்திய சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை நேமத் தனி ஒருவராக வென்றார் என்பதும் மிகைதான். அன்று அவர் வீச்சில் டச்டவுன் இல்லை. கடைசிக் கால் பகுதியில் அவர் பந்தே வீசவில்லை. சக வீரர் மாட் ஸ்னெல் பந்தைச் சுமந்து 121 யார்டு ஓடினார். ஜெட்ஸின் தடுப்பு அணி கோல்ட்ஸின் நான்கு வீச்சுகளை இடைமறித்தது. ஆனால் காயமுற்றிருந்த ரிசீவர் டான் மேனார்டு பக்கம் எதிரணியின் கவனத்தை இழுத்துவிட்டு, மற்றொரு ரிசீவர் ஜார்ஜ் சாவருக்கு 133 யார்டு சேர்த்துத் தந்தது நேமத்தின் கணிப்பு. இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடுகையில், அந்தந்தப் பருவத்தின் லீக் சராசரியையும் அட்டவணையில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர்