அக்காவைப் பார்த்துச் சிரிக்காதே

அன்புள்ள சாமுவேல்,

கடிதம் கிடைத்தது. மருமகனுக்கு வேலை மாற்றல், வீட்டுக்கு வெள்ளையடித்தது எல்லாம் படித்தேன். ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உன் அக்கா சமாச்சாரம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இறையியல் படிக்கப் போகிறேன் என்கிறாராம், வீட்டில் எல்லாரும் சிரிக்கிறீர்களாம். அவரிடம் பாலி முர்ரேயைப் பற்றிச் சொல்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண், 1910இல் பிறந்தவர். 1938இல் வட கரோலினா பல்கலைக்கழகம் கறுப்பர் என்று இடம் மறுத்தது. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வகுப்பில் முதலாவதாக வந்தார். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால், பெண் என்று சொல்லி ஹார்வர்டு மறுத்தது. அப்புறம் சும்மா இருந்தாரா? ஒவ்வொரு மாநிலத்தின் நிறபேதச் சட்டங்களையும் திரட்டி 1951இல் தடித்த நூலாக வெளியிட்டார். உரிமை வழக்கு நடத்தியவர்களுக்கு அது கையோடு வைத்திருக்கும் புத்தகம் ஆனது.

1973இல் நெருங்கிய தோழி இறந்தார். அதன் பிறகு பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, 62 வயதில் நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவருடைய எப்பிஸ்கோப்பல் சபை, அதாவது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை, பெண்களுக்குக் குருப்பட்டமே கொடுக்கவில்லை! 1974இல் பிலடெல்பியாவில் 11 பெண்களுக்கு அனுமதியில்லாமல் பட்டம் கொடுத்து பெரிய சண்டை. 1976இல்தான் சபையின் பொதுப் பேரவை இறங்கி வந்து பெண்களும் குருவாகலாம் என்றது. 1977 ஜனவரி 8, வாஷிங்டன் பேராலயத்தில் முர்ரேக்குப் பட்டம். அந்தச் சபையில் கறுப்பினப் பெண் ஒருவர் குருவானது அதுவே முதல் தடவை.

அடுத்த மாதம் அவர் தம் முதல் திருவிருந்து வழிபாட்டை நடத்தியது சேப்பல் ஹில் ஊர் ஆலயத்தில். அவருடைய பாட்டி கொர்னேலியா 1854இல் அடிமைப் பிள்ளையாக ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். இடம் மறுத்த பல்கலைக்கழகமும் அதே ஊர்! அத்தனை சட்டம் தெரிந்தவர் கடைசியில் அங்கியை மாட்டிக்கொண்டது வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்தச் சட்டமும் கற்றுத் தராதே.

ஒன்றை மட்டும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பட்டம் வாங்கியதும் பெரிய ஆலயம் எதுவும் காத்திருக்காது. முர்ரேக்கே சின்னச் சபைகள்தான், ஆஸ்பத்திரி, வீடு என்று நோயாளிகளைப் பார்க்கிற வேலைதான்.

சரி, நம் பக்கத்தில் வயது வரம்பு ஏதாவது உண்டா? விசாரித்து எழுது. என்னிடம் ஒரு கிரேக்க அகராதி சும்மா கிடக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வரும்போது அக்காவுக்குக் கொண்டு வரவா?

அன்புடன்,
தேவராஜ்